அரிசியை எறிந்து கேமரா பார்த்தவள்

என் கல்யாணத்தில் என் தலையில் விழுந்த அட்சதையைவிட, கேமரா கடைக் கவுன்டரில் நின்று நான் வாங்கிய அட்சதை அதிகம். மிகைப்படுத்தவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக, அநேகமாக எல்லாச் செவ்வாய்க்கிழமையும் பதினொரு மணி வாக்கில், ஒரு பெண் எங்கள் கடைக்கு வந்து என் மேல் மஞ்சள் அரிசியை எறிந்தாள். காலருக்குள் புகுந்த அரிசியை நான் தட்டிவிடப் பார்த்தால், "ஆடாம நில்லுங்கண்ணா, இன்னும் ரெண்டே தடவ" என்பாள்.

அவள் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அரியாங்குப்பத்தில் நாலு பேருக்குத் தெரியும். அவளுக்கு அது பிடிக்காது. இப்போது கல்யாணமாகி காரைக்காலில் இருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, விழுப்புரத்தில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறாள் என்று இன்னொருவர் சொன்னார். நான் நேரில் போய்ப் பார்க்காததால் இரண்டையும் உறுதியாகச் சொல்லமாட்டேன். இந்த அளவுக்காவது அவள் என்னைத் திருத்தியிருக்கிறாள்.

கடை, நேரு வீதியிலிருந்து ஒரு சந்து தள்ளி இருந்தது. அங்கே பதினெட்டு வருஷம் நின்றேன். கேமரா விற்றேனே தவிர, ஒரு கல்யாணம்கூட எடுத்ததில்லை. ஊறுகாய் விற்கிறவன் உப்பு பார்க்கவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். புதுசாக ஒன்று வந்தால் யூடியூபில் நாலு வீடியோ பார்ப்பேன். வெள்ளைக்காரன் என்ன சொன்னானோ அதைத் தமிழில் சொல்வேன். "கண்ணப் புடிச்சா விடாது சார், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்." இந்த ஒரு வரியில் எத்தனை கேமரா விற்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவள் கல்யாண போட்டோகிராபர். முப்பது வயசு இருக்கும். ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டியில் வருவாள். கேமரா பை காலடியில் இருக்கும். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் அன்றைக்குத்தான் அவளுக்கு ஓய்வு. முதல் தடவை வந்தபோது டெமோ கேமரா ஒன்றைக் கையில் வாங்கி, என்னை ஷோகேஸ் பக்கத்தில் நிற்கவைத்தாள். வலது கையில் கேமரா. இடது கையைப் பைக்குள் விட்டு ஒரு சம்படத்தைத் திறந்தாள். மாத்திரைகளோ ஹேர்பின்னோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சடசடவென்று என் முகத்தில் அரிசி விழுந்தது.

"ஏம்மா, என்னாம்மா இது?"

"தாலி கட்ற நேரம்ணா. நீங்கதான் மாப்புள்ள."

கடையைக் கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தது. திட்டப்போகிறது என்று நினைத்தேன். "இடது கையால அட்சத போடுவாங்களா? குடு இப்டி" என்று சம்படத்தைப் பிடுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அரிசி போடும் உத்தியோகம் அந்த அம்மாவுக்கு. பெண் இல்லாத மாப்பிள்ளையாக நான் நிற்பேன், அது போடும், இவள் எடுப்பாள். பிறகு அதுவே கூட்டி அள்ளிக் காக்காய்க்கு வைக்கும்.

எடுத்த படங்களைக் கேமராவின் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். தானாகவே முகத்தைக் கண்டுபிடித்து, கண் இமைகள்கூடத் தெளிவாகத் தெரியும்படி செய்வதுதான் இந்தக் கேமராக்களின் பெருமை. அதை ஆட்டோஃபோகஸ் என்பார்கள். அவள் பெரிதாக்கிக் காட்டிய படத்தில் என் மூக்குக்கு முன்னால் ஒரு அரிசி பளிச்சென்று தெரிந்தது, முனை ஒடிந்ததுகூடத் தெரிந்தது. பின்னால் என் முகம் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடந்தது.

"வீடியோல நாய் ஓடுது, பொண்ணு பார்க்ல நடக்குது. எல்லாத்தையும் புடிக்குது. எந்த வீடியோலயாச்சும் அரிசி வுழுதாண்ணா?" என்று கேட்டாள்.

விழவில்லைதான். நான் என்ன பண்ணட்டும்? வெள்ளைக்காரன் கல்யாணத்தில் எல்லாம் முடிந்து வெளியே வரும்போதுதான் பூ தூவுகிறான். நம் ஊரில் கெட்டிமேளம் கேட்டதும், மாப்பிள்ளை கை பெண்ணின் கழுத்தைத் தாண்டும் அந்த நேரத்தில்தான் முன்னூறு பேரும் ஒன்றாக எறிகிறார்கள்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் சும்மா வரவில்லை. குருசுக்குப்பத்தில் ஒரு கல்யாணம் எடுத்திருந்தாள். தொழிலுக்கு வந்த புதுசு. கேமராவை ஊரே புகழ்ந்தது என்று நம்பி வாங்கியிருந்தாள். தாலி கட்டும்போது எடுத்த பதினாலு படத்திலும் கேமரா அரிசியைத்தான் பிடித்திருந்தது. ஆல்பம் கொடுத்தபோது பெண்ணின் அம்மா, மீன் விற்கிற அம்மா, அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்ததாம். பிறகு, "அரிசி நல்லா வுழுந்துருக்குதும்மா. எம் பொண்ணு எங்க?" என்று கேட்டதாம்.

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது லென்ஸ் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள். அந்தத் தெருவில் பேசிவைத்திருந்த இரண்டு கல்யாணமும் வேறு ஆளுக்குப் போய்விட்டன. கடலோரக் குப்பங்களில் ஒரு வீட்டு ஆல்பத்தைப் பத்து வீடு பார்க்கும். "இன்னொரு தடவ இப்டி ஆச்சின்னா அவ்ளோதாண்ணா. கேமராவ வித்துட்டு ஜவுளிக்கடைல மடிச்சிப் போடற வேலைக்குத்தான் போவணும்" என்றாள். அந்தப் பழைய கேமரா வேறு பகலிலேயே முகத்தைத் தேடித் தடவ ஆரம்பித்திருந்தது. வைகாசி மாசத்துக்குள் புதுசு வாங்கியாக வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும். அது தப்பாகப் போகக்கூடாது.

கேமரா மட்டும் என்றில்லை. அவள் எதையும் யார் சொல்லியும் நம்பமாட்டாள். செருப்பு வாங்கினால் கடைக்காரன் விரித்த பாயில் நடந்து பார்ப்பதோடு விடமாட்டாள். மாடிப்படி எங்கே என்று கேட்டு ஏறி இறங்குவாள். கல்யாண மண்டபத்தில் படி இருக்கிறதல்லவா. நல்ல காற்று வரும் என்று சொன்ன மின்விசிறியின் கீழே கடையிலேயே நாற்காலி போட்டுக் கால் மணி உட்கார்ந்தவள். நல்ல டாக்டர் என்று யாராவது சொன்னால், "எந்த நோவுக்கு?" என்று கேட்பாள். நான் இதையெல்லாம் வைத்து நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். "ஒனக்கு மாப்புள்ள பாக்குறவன் பாடு திண்டாட்டம்மா" என்றேன் ஒருநாள். "ஆமாண்ணா, மொதல்ல அரிசிதான்" என்றாள்.

ஒரு தடவை டெமோ கேமராவோடு என்னைக் காலையில் பீச் ரோட்டுக்கு வரச்சொன்னாள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கறுத்த முகத்தைக் கேமரா கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவள் எடுக்கிற முகங்களில் பாதி, கடலில் காய்ந்த முகங்கள். நானும் நல்ல கறுப்பு. அதனால்தான் கூப்பிட்டாளோ என்னவோ. "மாப்புள்ள அழைப்புல வர்ற மாதிரி மெதுவா வாங்க" என்றாள். சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டு, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, நாலு தடவை நடந்தேன். வாக்கிங் வந்த பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவர் தொப்பியைத் தூக்கி "ஃபெலிசித்தாசியோன்" என்று எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேமரா என்னை விட்டுவிட்டு, சாலையோரத்து ஃபிளெக்ஸ் பேனரில் காதுகுத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் கண்ணைப் பிடித்திருந்தது. அதையும் வேண்டாம் என்றாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீதாம்மா எடுக்கணும்" என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. "மண்டபம் எதுன்னு சொல்லுங்கண்ணா, முன்னாடியே போய் வெளிச்சம் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசி வாக்கில் ஒரு கேமரா வந்தது. வருவதற்கு முன்பே அதன் புகழ் வந்துவிட்டது. எந்த வீடியோவைத் திறந்தாலும் அதுதான். பறவையைப் பிடிக்கிறது, பந்தயக் காரைப் பிடிக்கிறது. ஊரில் ஏழெட்டுப் போட்டோகிராபர்கள் எங்களிடம் புக் பண்ணிவிட்டார்கள். முதலாளி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். கடையில் புக் பண்ணிய ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் நின்றேன், அரிசி விழுந்தது. பத்து தடவை எடுத்தாள். ஆறு தடவை கேமரா அரிசிக்குத் தாவி, என் முகத்துக்கு நிதானமாகத் திரும்பி வந்தது. அது திரும்பி வருவதற்குள் நிஜக் கல்யாணத்தில் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும்.

"நல்ல கேமராதாண்ணா. எங்க வேலைக்கு ஆவாது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் திரையில் தெரிந்த அரிசியை எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அந்த வாரமே மூன்று பேர் புக்கிங்கை ரத்து செய்தார்கள்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "இது என்னா கடையா, கல்யாண மண்டபமாய்யா? அந்தப் பொண்ணு இனிமே டெமோ பீஸத் தொடக் கூடாது. நீயே சொல்லிடு" என்றார். நியாயமாக நான், "அவ பொய்யா சொன்னா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிவாகிற சமயம். வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. அவளுக்குப் போன் செய்து, "டெமோ பீஸெல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. இனிமே வராதாம்" என்றேன். சொல்லும்போது அந்தக் கேமரா என் முழங்கைக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் இருந்தது.

"அப்டியாண்ணா? சரிண்ணா" என்றாள். நான் சொன்னதை நம்பினாள். எதையும் நம்பாதவள், என் வார்த்தையைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மெமரி கார்டு வாங்க வந்தாள். புதன்கிழமை. நான் எதிர்பார்க்கவில்லை. டெமோ கேமராவை ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன், "கண்ணப் புடிச்சா விடாது சார்" என்று பாதி வாக்கியத்தில் இருந்தேன். அவள் கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கார்டு கேட்டாள். பில் போட்டேன். அவள் காசை எண்ணி வைத்தாள். பெருக்கும் அம்மா மட்டும், "இன்னிக்கி அரிசி இல்லியா?" என்று கேட்டது. "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் வரவில்லை.

தையில் என் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தோம், ரெட்டியார்பாளையத்தில் ஒரு மண்டபத்தில். "போட்டோ, வீடியோ எல்லாம் கடையோட மொய்யா வச்சிக்கய்யா" என்று முதலாளி சொல்லிவிட்டார். எடுக்கப்போவது எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்; அந்தப் புகழ்பெற்ற கேமராவை ரத்து செய்யாமல் வாங்கியவர்களில் ஒருவர். வேண்டாம், வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் பத்திரிகை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, "வந்துடறேண்ணா" என்றாள். போட்டோ யார் எடுக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளைக் கேமரா இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாரை வார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. மேடைக்குக் கீழே போட்டோகிராபர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் விடவில்லை. கடைசியில் கேமராவை அவர் கையிலிருந்து வாங்கி, கட்டைவிரலால் எதையோ திருகித் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஐயர், மாப்பிள்ளை கையில் தாலியை எடுத்துக் கொடுக்கிற நேரம். என் பெண் கல்யாணத்தில் வந்து குற்றம் கண்டுபிடிக்கிறாளே, பழி தீர்க்கிறாளோ என்று எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது, மறைக்க விரும்பவில்லை. கெட்டிமேளம் கேட்டது. முன்னூறு பேரும் எறிந்தார்கள்.

ஆல்பம் வந்தது. தாலி கட்டும் பக்கத்தைத் திறந்தேன். அரிசி மஞ்சள் மஞ்சளாக மங்கிப் படம் முழுக்க மிதந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என் பெண் தலையைக் குனிந்திருந்தாள். அவள் இமையில் நின்ற ஒரு சொட்டுக் கண்ணீர்வரை தெரிந்தது. பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நானும் தெரிந்தேன். என் மனைவி அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

போட்டோகிராபரைப் பாராட்டினேன். நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை. "எனக்கு இதுல பங்கு இல்லண்ணா. அந்த அக்காதான் வந்து, முன்னாடி எதாச்சும் குறுக்க வந்தா ஒடனே தாவாத, பொறுத்து நில்லுன்னு ஒரு செட்டிங் உள்ள இருக்குது, மாத்திக்குங்கன்னாங்க. நான் மாட்டேன்னேன். அவங்களே மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார். அவள் சென்னையிலிருந்து அதே கேமராவை வாடகைக்கு எடுத்து, மூன்று கல்யாணத்தில் பழைய கேமராவோடு சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறாள். மெனுவில் எட்டாவது பக்கத்துக்கு உள்ளே கிடந்த அந்த செட்டிங்கைத் தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அதைத் தெரிந்துவைத்துச் சொல்லவேண்டியது கவுன்டரில் நின்ற நான். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார். கீழே கேமராவின் பேர். "பாத்தியா? அந்தப் பொண்ணு என்னா சொல்லிச்சி, இது என்னா எடுத்துருக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். உண்மையை நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்கும் வாய் வரவில்லை. எனக்கு வாய் வந்ததெல்லாம் விற்கும்போது மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அவள் வந்தாள். நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்தக் கேமரா எங்க வேலைக்கு ஆவாதுன்னு இங்க நின்னு சொன்னேன். அது பாதி தப்பு. கம்பெனி வச்சபடியே வச்சிப் பாத்துட்டுச் சொல்லிட்டேன். உள்ள ஒண்ணு மாத்தினா நிக்குது. எட்டுக்கு ஏழு தடவ நிக்குது. நாலு பேரு முன்னாடி சொன்னேன், அதான் நாலு பேரு முன்னாடியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் பில் போடச் சொன்னாள். அவளுக்குத் தேவையான ஒன்று, தப்பாகப் போகக்கூடாத ஒன்று, அவள் கையால் தேறி அவளிடம் போனது. நான்தான் பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். தலைக்கு மேலே என் பெண்ணின் படம். அண்ணாந்து பார்த்து, "நல்லா வந்துருக்குதுண்ணா" என்றாள். தன் கை பட்டதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அன்னிக்கி டெமோ பீஸு விஷயத்துல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுங்கண்ணா. ஒங்க வேல அது" என்றாள். கோபமே இல்லை. சிரித்தாள்கூட. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வாரண்டி அட்டையில் முத்திரை போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். மத்தியானம் நாங்கள் கடையைச் சாத்துவது வழக்கம். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து அட்டையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"எத்தன மணிக்குத் தெறப்பீங்க?"

"நாலு மணிக்கும்மா."

"சரிண்ணா" என்று தலையை ஆட்டினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்தியவள், ஸ்கூட்டியை நோக்கி இரண்டு அடி வைத்தாள், நின்றாள், திரும்பி வந்தாள். எதையாவது மறந்துவிட்டாளோ என்று நான் கவுன்டரை விட்டு எழுந்தேன். அவள் உள்ளே வரவில்லை. கதவில் தொங்கிய கடை நேரப் பலகையின் முன்னால் குனிந்து, என்ன போட்டிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தாள். அதிலும் நாலு மணி என்றுதான் எழுதியிருந்தது.